டர்போ டிராக்டருக்கு ஹெட் போல்ட்டா, ஸ்டட்டா?

சம்பா அறுவடை முடிந்து, தரிசு உளுந்து பூவெடுக்கும் சமயம். காவிரிக் கழிமுகப் பகுதியில் ஒரு கிராமத்தில், உளுந்துக்கு டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது குறித்து விவசாயிகளிடம் பேசி முடித்தேன். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றதும், முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"ஐயா, உளுந்தைப் பத்திச் சொன்னது சரி. என் டிராக்டருக்கு என்ஜின் வேலை பார்க்கணும். ஹெட்டுக்குப் பழைய போல்ட்டையே போடலாமா, புதுசு வாங்கணுமா, இல்லே ஸ்டட்டுதான் நிக்குமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று கேட்டார்.

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். ஆனால் அவர் கேட்டது சிரிப்பதற்குரிய கேள்வி அன்று. அவருடையது 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டர்போ டிராக்டர். கடனில் வாங்கியது. சுழல் கலப்பை ஓட்டவும், வைக்கோல் கட்டும் இயந்திரம் இழுக்கவும் வாடகைக்கு விட்டுத்தான் தவணை கட்டி வருகிறார். வைக்கோல் துகள் ரேடியேட்டரை அடைத்து, ஒரு நாள் தண்ணீர் கொதித்து, ஹெட் கேஸ்கெட் எரிந்துவிட்டது. பட்டறையில் புதிய கேஸ்கெட்டைப் போட்டு, பழைய போல்ட்டுகளையே ஸ்பேனரில் குழாய் மாட்டி இறுக்கிக் கொடுத்தார்கள். ஒரு மாதம்கூட ஓடவில்லை. இரண்டாம் முறை, "டர்போ என்ஜினுக்குப் போல்ட் தாங்காது, ஸ்டட் போடுங்கள்" என்றார் ஒரு கடைக்காரர். போல்ட்டைப்போல் பல மடங்கு விலை கொடுத்து ஸ்டட் வாங்கிப் போட்டார். சில வாரங்களில் ரேடியேட்டரில் மறுபடியும் குமிழி. அதற்குள் வைக்கோல் கட்டும் பருவமே முடிந்துவிட்டது. வண்டி கொட்டகையில் நிற்க, தவணை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

நான் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். ஹெட்டை மட்டம் பார்த்தார்களா? லைனர் உயரத்தை அளந்தார்களா? இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் வைத்தார்களா? "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றார். போல்ட்டா, ஸ்டட்டா என்ற கேள்விக்கு விடை தேடுமுன் இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

போல்ட் செய்யும் வேலை

சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கிறது. 100 மில்லிமீட்டர் போர் உள்ள சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் என்று கொண்டால், தூக்கும் விசை சுமார் 8 டன். கொள்முதல் நிலையத்தில் அடுக்கும் 40 கிலோ நெல் சிப்பங்களில் 200 சிப்பங்களின் எடை அது. டர்போ என்ன செய்கிறது? காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடுவதால் கூடுதல் டீசலை எரிக்க முடிகிறது. அதே போரில் உச்ச அழுத்தம் 140 கிலோவானால் விசை 11 டன்னாகிவிடும். அதாவது 275 சிப்பம். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1,000 முறை இந்தத் தூக்கல் நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் 60,000 முறை.

இந்த விசையை எதிர்த்து ஹெட்டையும் கேஸ்கெட்டையும் பிளாக்கின் மேல் அழுத்திப் பிடிப்பதே போல்ட்டின் வேலை. வைக்கோல் பாரத்தைக் கட்டும் கயிற்றை நினைத்துக் கொள்ளலாம். கயிற்றை இழுத்து முறுக்கிக் கட்டினால்தான் பாரம் நிற்கும். தளர்வாகக் கட்டினால் முதல் பள்ளத்திலேயே சரியும். அளவுக்கு மீறி இழுத்தால் புரி தெறித்து, அடுத்த முறை கட்டுவதற்கு உதவாமல் போகும். எஃகு போல்ட்டும் அப்படித்தான். இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது சுருங்க முயல்வதால் பிடிப்பு உண்டாகிறது. பிடிப்பைத் தருவது அந்த நீட்சிதான். ஸ்பேனரில் நாம் போடும் பலம் அந்த நீட்சியை உண்டாக்குவதற்கான வழி மட்டுமே.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்பேனரில் போடும் பலம் நூறு பங்கு என்றால், அதில் ஏறத்தாழ ஐம்பது பங்கு போல்ட்டின் தலைக்கு அடியில் உராய்விலேயே போய்விடுகிறது. நாற்பது பங்கு மரையில் உராய்கிறது. மீதிப் பத்துப் பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மரையில் துருவும் பழைய கசடும் இருந்தால், அந்தப் பத்திலும் பாதி போய்விடும். கை வலிக்க இறுக்கியிருப்பார்கள், ரெஞ்சின் எண்ணும் சரியாகவே காட்டும், ஆனால் ஹெட்டைப் பிடிக்கும் பிடிப்பு இராது. மாறாக, உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் தடவிய மரையில் போட்டால், பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு வரைகூட மிகுதியாகி, போல்ட் அளவு மீறி நீண்டுவிடலாம். ஆகவே எண்ணெய் தடவ வேண்டுமா, எங்கே தடவ வேண்டும், எந்த எண்ணெய் என்பதையெல்லாம் அந்தந்த என்ஜினின் கையேட்டில் உள்ளபடியே செய்ய வேண்டும். ஒரு பட்டறையின் வழக்கம் மற்றொரு என்ஜினுக்குப் பொருந்தாது.

ஸ்டட் புதிய சரக்கு அன்று

ஸ்டட் என்றதும் வெளிநாட்டு விந்தை என்று எண்ண வேண்டியதில்லை. நம் கிணற்று மேட்டில் 'டக் டக்' என்று ஓடிய லிஸ்டர் வகை ஆயில் என்ஜினின் ஹெட்டை எத்தனை முறை கழற்றியிருப்போம்! நான்கு ஸ்டட், நான்கு நட். பெர்கின்ஸ் 3.152 என்ற பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர் என்ஜினிலும் ஹெட்டைப் பிடித்தவை ஸ்டட்களும் நட்டுகளும்தாம். பின்னாளில் தொழிற்சாலைகளில் விரைவாகப் பொருத்துவதற்கு வசதியாகப் போல்ட்டுகள் பெருகின. இரண்டுமே நல்ல முறைகள்தாம்.

வேறுபாடு இதுதான். போல்ட்டை இறுக்கும்போது அது முழுவதும் சுழல்கிறது. பாரத்தோடு சுழலும் மரை, பிளாக்கின் வார்ப்பிரும்பு மரையைத் தேய்க்கிறது. ஸ்டட்டை முதலில் கையால் திருகி நிறுத்திவிட்டு மேலே நட்டை இறுக்குகிறோம். ஸ்டட் சுழல்வதில்லை, நேராக இழுபடுகிறது. பிளாக்கின் மரை தேயாது. மேல் மரை நுண்ணியதாக இருப்பதால் இறுக்கத்தையும் சற்றுத் துல்லியமாகக் கொண்டுவரலாம். அடிக்கடி ஹெட் கழற்றும் என்ஜினுக்கு இது உண்மையான நன்மை.

எஃகின் தரமும் வேறு. போல்ட்டின் தலையில் 10.9 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண்ணை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு அறுவதற்கு முன் தாங்கும் விசை நியூட்டன் கணக்கில் கிடைக்கும், அதாவது 1,000. அதில் 0.9 பங்கில், அதாவது 900-இல், எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும். அமெரிக்காவில் பந்தய வண்டிகளுக்காகச் செய்யப்படும் உயர்தர ஸ்டட்களின் எஃகு 1,500 வரை தாங்கும். கடைக்காரர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான். கணக்கு சரியானதே. ஆனால் 12 மில்லிமீட்டர் 10.9 தரப் போல்ட் ஒன்று, நிரந்தர நீட்சி இல்லாமல் சுமார் 7 டன் வரை தாங்கும். ஒரு சிலிண்டரைச் சுற்றி இப்படி நான்கு முதல் ஆறு வரை இருக்கின்றன, அவற்றில் சில பக்கத்துச் சிலிண்டருக்கும் பொது. முறையாக இறுக்கினால், என்ஜினைத் தயாரித்தவர் கணக்கிட்ட அழுத்தத்துக்குப் போதுமான பிடிப்பு அவற்றில் கிடைத்துவிடுகிறது.

ஸ்டட்டுக்குக் குறைகளும் உண்டு. ஹெட்டை நேராக மேலே தூக்கினால்தான் அது கழலும். பானெட்டும் டீசல் டாங்கியும் நெருங்கி நிற்கும் வண்டியில் இது தொல்லை. சில என்ஜின்களில் போல்ட் துளை தண்ணீர் அறைக்குள் திறந்திருக்கும். அங்கே சீலண்ட் தடவாமல் ஸ்டட் நிறுத்தினால் மரை வழியே தண்ணீர் ஏறும். அடி மூடிய துளையில் ஸ்டட்டை அழுத்தித் திருகினால் பிளாக்கே வெடிக்க இடமுண்டு. கூடுதல் பலம் இருக்கிறதே என்று கூடுதலாக இறுக்கினால் லைனரின் வட்டம் கெட்டு, ரிங் சரியாக உட்காராமல் எண்ணெய் குடிக்கத் தொடங்கும். ஸ்டட்டுக்கு உரிய இறுக்க அளவும் தடவ வேண்டிய பசையும் வேறு. போல்ட்டின் அளவை அதற்குப் போடக் கூடாது.

நான் செய்த பிழை

பழைய போல்ட் விஷயத்தில் என் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆயில் என்ஜின் காலத்துப் பழக்கத்தில், "மரை நன்றாக இருந்து, வளைவும் இல்லாவிட்டால் பழைய போல்ட்டையே போடலாம்" என்று விவசாயிகளிடம் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். இறுக்க அளவை மட்டும் வைத்துப் பொருத்தும் பழைய என்ஜின்களுக்கு அது பெரும்பாலும் சரியான அறிவுரைதான். இன்றைய பல டர்போ என்ஜின்களுக்கு அது பொருந்தாது. இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். என் சொல்லைக் கேட்டு எத்தனை பேர் கேஸ்கெட் இழந்தார்களோ!

புதிய முறையில், குறிப்பிட்ட அளவு வரை ரெஞ்சால் இறுக்கிவிட்டு, பிறகு 90 பாகை அல்லது கையேட்டில் சொன்ன பாகை அளவுக்குத் திருப்பச் சொல்கிறார்கள். மரையின் இடைவெளி 1.75 மில்லிமீட்டர் என்றால், கால் சுற்றில் போல்ட் 0.44 மில்லிமீட்டர் இறங்குகிறது. உராய்வு கூடினாலும் குறைந்தாலும் இந்த இறக்கம் மாறாது. அதனால் எல்லாப் போல்ட்டிலும் பிடிப்பு ஒரே சீராக அமைகிறது. ஆனால் இவ்வாறு திருப்பும்போது சில வகைப் போல்ட்டுகள், எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லையைத் தொட்டுவிடுகின்றன. புரி தெறித்த கயிற்றைப்போல், அவற்றை மறுபடி இறுக்கினால் முன்போல் பிடிக்க மாட்டா. சில தயாரிப்பாளர்கள் ஒரே முறைதான் என்கிறார்கள். வேறு சிலர் இத்தனை நீளம் வரை மீண்டும் பயன்படுத்தலாம் என்று எல்லை கொடுக்கிறார்கள். கையேட்டில் எல்லை இருந்தால் வெர்னியர் அளவுகோலால் ஒவ்வொரு போல்ட்டையும் அளக்க வேண்டும். எல்லை தெரியவில்லை என்றால் புதியது வாங்குவதே நலம். இடுப்பு ஒடுங்கிய போல்ட், மரையில் நட்டு கையால் தடையின்றி ஓடாத போல்ட், துரு அரித்த போல்ட் ஆகியவற்றை அளக்கவும் வேண்டியதில்லை. கழித்துவிடலாம்.

பாகை முறையில் இறுக்கிய போல்ட்டைச் சில நாள் ஓட்டிய பிறகு "ஒரு கை பார்ப்போம்" என்று மீண்டும் இறுக்குவதும் தவறு. பழைய கேஸ்கெட்டுகளுக்கு, என்ஜின் சூடேறியதும் மறுபடி இறுக்குவது அவசியமாக இருந்தது. புதிய என்ஜின்களில் கையேடு சொன்னால் ஒழியத் தொடக் கூடாது.

ஸ்டட் மோகம் வந்த வழி

"அமெரிக்காவில் எல்லாரும் ஸ்டட்தான் போடுகிறார்கள்" என்று கடைகளில் சொல்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. போர்டு நிறுவனத்தின் பெரிய பிக்கப் வண்டிகளில் 2003 முதல் 2007 வரை, நேவிஸ்டார் தயாரித்த 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டர்போ டீசல் என்ஜின் வந்தது. அதற்கு முந்தைய 7.3 லிட்டர் என்ஜினில் ஒரு சிலிண்டரைச் சுற்றி ஆறு போல்ட்டுகள் இருந்தன. இதில் நான்கு. ஹெட் கேஸ்கெட் போவதற்கு இந்த என்ஜின் பெயர் பெற்றது. கணினிப் பெட்டியின் ஏற்பாட்டை மாற்றி, டீசலையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டி ஓட்டியவர்களுக்கு இத்தொல்லை அதிகம். உயர்தர ஸ்டட் போடுவது அங்கே வழக்கமான பரிகாரமாயிற்று.

ஆனால் கதையின் மறுபாதியை இங்கே யாரும் சொல்வதில்லை. அந்த என்ஜினில் ஆயில் கூலரின் குறுகிய வழிகள் கசடால் அடைபட்டன. அதனால், புகையைக் குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் மற்றொரு கூலருக்குத் தண்ணீர் போதாமல் அதுவும் வெடித்தது. கேஸ்கெட் சேதத்துக்கு அதுவும் ஒரு வழியாயிற்று. அடைத்த கூலரை அப்படியே விட்டு ஸ்டட்டை மட்டும் மாற்றினால், நோயின் மூலம் உள்ளேயே இருக்கும். மேலும் அங்கே ஹெட்டைக் கழற்றுவதற்கு வண்டியின் கேபினையே தூக்குபவர்கள் உண்டு. கூலி அவ்வளவு ஆகும் இடத்தில், "ஒரே முறையாகப் போட்டுவிடுவோம்" என்று ஸ்டட்டுக்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. நம் டிராக்டரில் பானெட்டைத் திறந்தால் ஹெட் கண் முன் நிற்கிறது. அவர்கள் கணக்கு நமக்குப் பொருந்தாது.

எப்போது ஸ்டட்?

ஸ்டட்டை நான் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. தயாரிப்பாளரே ஸ்டட் வைத்திருந்தால் ஸ்டட்தான். பிளாக்கின் மரை தேய்ந்து, கம்பிச் சுருள் வைத்துச் சீர் செய்யும் நிலைக்கு வந்திருந்தால், பிற்பாடு மரை தேயாமல் இருக்க ஸ்டட் போடுவது நல்லது. பழைய என்ஜினுக்குக் கம்பெனி போல்ட் கிடைக்காதபோதும், அளவு பொருந்தும் நம்பகமான ஸ்டட்டை நாடலாம்.

பம்பைக் கூட்டி, டர்போ அழுத்தத்தையும் கூட்டி ஓட்டுவதற்காக ஸ்டட் போடுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். கூடுதல் டீசல் கேஸ்கெட்டோடு நின்றுவிடாது. பிஸ்டன், வால்வு, டர்போ, கிளட்ச், கியர் பெட்டி எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். வண்டிக்கு இழுவை போதவில்லை என்றால் சுழல் கலப்பையின் அகலத்தைக் குறைப்பதே மலிவான வழி. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம் 4 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசல் பாய்ச்சும் இத்தகைய என்ஜின்களில் கை வைப்பது இன்னும் ஆபத்து.

மற்றபடி, வயலுக்கு ஓடும் சாதாரண டர்போ டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் என் முடிவு இதுதான்: கம்பெனியின் புதிய போல்ட், முழு செட், கையேட்டு முறை. ஸ்டட்டுக்கும் போல்ட்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டை, பின்வரும் வேலைகளுக்குச் செலவிடுங்கள்.

பணம் போக வேண்டிய இடம்

1. முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கேஸ்கெட் தானாக எரிவதில்லை. ரேடியேட்டரில் வைக்கோல் துகளும் புழுதியும் அடைத்ததா? உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி உள்ளே சுண்ணாம்புப் படிவம் கட்டியதா? விசிறி பெல்ட், தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்பு சரியா? இவற்றைப் பார்க்காமல் ஹெட்டை மூடினால் அடுத்த பருவத்தில் மறுபடி திறக்க வேண்டியதுதான்.

2. ஹெட்டின் அடிப்பரப்பில் நேர் விளிம்புப் பட்டையை வைத்து, பீலர் கேஜ் தகட்டால் மட்டம் பாருங்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூலைக்கு மூலையும் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் பேசிங் செய்ய வேண்டும். கையேட்டு எல்லைக்கு மேல் உலோகத்தை எடுக்கக் கூடாது. விரிசல் சோதனையும் அங்கேயே முடித்துவிடலாம்.

3. லைனரின் உயரத்தை டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் சூழ்ந்த லைனர் உள்ள என்ஜின்களில், அது பிளாக்கின் பரப்புக்கு மேல் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு துருத்தி நிற்க வேண்டும். ஒரு லைனர் தாழ்ந்திருந்தால், எந்தப் போல்ட்டும் எந்த ஸ்டட்டும் அந்த இடத்தில் கேஸ்கெட்டை அழுத்திப் பிடிக்க முடியாது.

4. பிளாக்கின் போல்ட் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அந்தத் திரவம் அமுங்க வழியின்றிப் பிளாக்கை வெடிக்கச் செய்யும். காற்று அடித்து உலர்த்த வேண்டும். மரையை வெட்டும் டேப்பை ஓட்டி மரையை மெலிய வைத்துவிடாமல், மரையைச் சுத்தம் செய்யும் கருவியைப் பயன்படுத்துவது நல்லது.

5. கேஸ்கெட் அந்த என்ஜினுக்கு உரிய தடிப்பில் இருக்கிறதா என்று எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வாஷர்களைப் பழைய இடத்திலேயே, பழைய பக்கமாகவே போட வேண்டும்.

6. நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, கையேட்டில் உள்ள வரிசைப்படி, பல கட்டங்களாக இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு போல்ட்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது ஹெட்டை வளைக்கும்.

7. வேலை முடிந்து வண்டியை எடுத்த பிறகு, முதல் சில நாள் காலையில் தண்ணீர் அளவைப் பாருங்கள். என்ஜினை எழுப்பிய சில நொடிகளிலேயே ரேடியேட்டர் குழாய் கல்போல் இறுகினால், ரேடியேட்டரில் குமிழி விடாமல் வந்தால், டிப் குச்சியில் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் வாடகை போனாலும் பரவாயில்லை.

பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை

கிராமத்து மெக்கானிக்கைத் திட்டுவது எளிது. ஆனால் அவருக்கு யார் என்ன கொடுத்தோம்? வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் 2014-15 முதல் இயந்திரங்கள் வாங்க மானியம் கொடுத்தோம். இத்தனை இயந்திரங்கள் வழங்கப்பட்டன என்று கணக்கெழுதி மகிழ்ந்தோம். எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களும் அந்தக் கணக்கில்தான் மதிப்பெண் பெற்றோம். அந்த இயந்திரம் ஐந்தாம் ஆண்டில் பழுதாகும்போது அதைத் திறப்பவர் கையில் என்ன கருவி இருக்கிறது, எந்த மொழியில் எழுதிய கையேடு இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. ஸ்பேனரில் குழாயை மாட்டி இறுக்குபவர் திமிரால் அப்படிச் செய்வதில்லை. அவருடைய குரு அப்படிக் கற்பித்தார். அந்தக் கால என்ஜினும் அதைத் தாங்கிக்கொண்டது.

ஆகவே மூன்று செய்திகளை வற்புறுத்த விரும்புகிறேன்.

டிராக்டர் தயாரிப்பாளர்களும் கேஸ்கெட் தயாரிப்பாளர்களும், ஒவ்வொரு கேஸ்கெட் உறையிலும் ஒரே பக்கத்தில் தமிழில் ஓர் அட்டை வைக்க வேண்டும். இறுக்கும் வரிசைப் படம், கட்ட அளவுகள், பாகை, எண்ணெய் தடவும் முறை, பழைய போல்ட்டின் நீள எல்லை ஆகிய ஐந்து மட்டும் அதில் இருந்தால் போதும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

இயந்திர வாடகை மையம் நடத்தும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், ஒரு நல்ல டார்க் ரெஞ்ச், ஒரு பாகைமானி, ஒரு டயல் கேஜ், ஒரு நேர் விளிம்புப் பட்டை ஆகியவற்றை வைத்திருந்து, உள்ளூர் மெக்கானிக்குகளுக்கு நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். டார்க் ரெஞ்சை ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்க்கவும் வேண்டும்.

மூன்றாவதாக, பயிற்சி. தென்மாநிலங்களுக்கென ஆந்திரத்தின் அனந்தபூர் அருகே கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. நம் வேளாண்மைப் பொறியியல் துறையும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. டிராக்டர் ஓட்டப் பயிற்சி கொடுப்பதுபோல், டர்போ என்ஜினைத் திறந்து மூடவும் கிராமத்து மெக்கானிக்குகளுக்கு அவரவர் வட்டாரத்திலேயே மூன்று நாள் பயிற்சி கொடுப்பது இயலாத காரியமன்று. பருவம் இல்லாத மாதங்களில் வைத்தால் அவர்கள் வருவார்கள்.

அந்தப் பெரியவரின் டிராக்டர்

தொடக்கத்தில் சொன்ன பெரியவரின் டிராக்டர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். என்ஜின் வேலை அறிந்த நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு மறுவாரம் போனேன். ஹெட்டைக் கழற்றி மட்டம் பார்த்தபோது நடுவில் வளைந்திருந்தது. ஒரு லைனர் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தது. லைனரின் தோள் உட்காரும் பள்ளம் அரித்துப் போயிருந்ததே காரணம். ஹெட்டைப் பேசிங் செய்து, பள்ளத்தைச் சீர்ப்படுத்தி ஷிம் வைத்து, ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, இரவல் வாங்கிய டார்க் ரெஞ்சால் முறைப்படி இறுக்கினார்கள். "ஸ்டட்டைத் தூக்கிப் போட்டுடலாமாங்க ஐயா?" என்று கேட்டார் பெரியவர். வேண்டாம் என்றேன். அளந்து பார்த்ததில் அவை நன்றாகவே இருந்தன. அந்த ஸ்டட்களையே மறுபடி போட்டோம்.

வண்டி அடுத்த குறுவை அறுவடை முழுவதும் வைக்கோல் கட்டியது. இதை எழுதும் வரை ஹெட் திறக்கப்படவில்லை. ஸ்டட் அதே ஸ்டட், நட்டும் அதே நட்டு. மாறியவை ஹெட்டின் மட்டமும், லைனரின் உயரமும், இறுக்கிய முறையும்தாம். இந்த வேலைகளை முதல் முறையே செய்து, கம்பெனி போல்ட்டைப் போட்டிருந்தால், அவருக்கு ஒரு பருவ வருமானமும் ஸ்டட்டுக்குக் கொடுத்த பணமும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே விவசாயப் பெருமக்கள் என்ஜின் வேலைக்கு வண்டியை விடும்போது, போல்ட்டா ஸ்டட்டா என்று கேட்பதற்கு முன், "ஹெட் மட்டம் எவ்வளவு? லைனர் உயரம் எவ்வளவு? எத்தனை அளவில் இறுக்குவீர்கள்?" என்று கேளுங்கள். அந்த மூன்று எண்களையும் ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரும் பட்டறையே நல்ல பட்டறை.